எல்லை தாண்டும் நாய்: ஊர்த் தெருவும் உலக விதிகளும்

சித்தன்னவாசலிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் எல்லாவற்றுக்கும் நேரடி விமானம் உண்டு. அன்னவாசல், இலுப்பூர், ஆலங்குடி, அறந்தாங்கி என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெருவுக்குச் சிலராவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் இருக்கிறார்கள். பெட்டி நிறையப் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போகிற அவர்களில் ஒருவர், குட்டியிலிருந்து வளர்த்த நாயையும் கூட்டிப் போக விரும்பினால் அந்தப் பயணம் ஏழெட்டு மாத வேலையாகிவிடுகிறது. திருச்சி வழியும் அடைபட்டுவிடுகிறது. 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சென்னைக்கு அந்த நாயைக் கொண்டுபோக வேண்டும்.

வளர்ப்பு விலங்குகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகும் விதிகளை முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு அவை அதிகாரிகள் கூடிச் செய்த தொல்லை போலத்தான் தோன்றும். ஊசி, சிப், ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு, சான்றிதழ், அதன்மேல் இன்னொரு சான்றிதழ். ஆனால் ஒவ்வொரு நாட்டின் விதியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: இந்த விலங்கு வருகிற ஊரின் தெருக்களில் வெறிநோய் இருக்கிறதா? உங்கள் நாய் நலமாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. எல்லைக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதை முடிவு செய்வது அந்த நாயின் உடல்நிலையைவிட, அது பிறந்த நாட்டின் நாய்க்கூட்டத்தின் நிலை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

வெறிநோய் எனப்படும் ரேபிஸால் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் 36 விழுக்காடு இந்தியாவில் நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதருக்கு வரும் வெறிநோயில் மிகப் பெரும்பகுதி நாய்க்கடியால் வருவது. அறிகுறி தோன்றிய பின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏற இந்த வைரஸ் எடுத்துக்கொள்ளும் காலம் சீரானதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். சில சமயம் ஒரு வாரம். அரிதாக ஓராண்டையும் தாண்டும். அந்த இடைவெளி முழுக்க விலங்கு வாலாட்டும், சாப்பிடும், குழந்தையோடு விளையாடும். விமானம் ஏறும் நாளில் மருத்துவர் பார்த்து நலம் என்று கையெழுத்திட்டாலும் உள்ளே நோய் ஊறிக்கொண்டிருக்கலாம். எல்லை விதிகள் பயப்படுவது இந்த மறைந்திருக்கும் காலத்துக்கு.

மற்றெல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் பிறக்கிறது. முதலில் மைக்ரோசிப், 15 இலக்க எண் கொண்ட சிறு குழாய், தோலுக்கடியில் ஊசியால் செலுத்தப்படுவது. சிப் முந்தி, தடுப்பூசி பிந்தி என்ற வரிசை முக்கியம். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க முடியாது; பல நாடுகள் அந்த ஊசியைக் கணக்கிலேயே எடுக்காது. தடுப்பூசிக்குக் குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அதில் வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருப்பதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் உறுதி செய்ய வேண்டும். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறது ஐரோப்பிய ஒன்றியம்.

அந்த மூன்று மாதம்தான் நம்மவர்களுக்குப் பெரும் கோபத்தைத் தருவது. ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன்பே ஒரு நாய் கடிபட்டிருந்தால், எதிர்ப்பொருள் அளவு சரியாக இருந்தும் நோய் வெளிப்படக்கூடும். அப்படி வெளிப்பட வேண்டியது தன் சொந்த ஊரிலேயே வெளிப்படட்டும் என்று விடும் அவகாசம் அது. மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால், இந்தியாவில் பிறந்த ஒரு குட்டி ஏறக்குறைய ஏழு மாதம் ஆகாமல் ஐரோப்பாவுக்குள் சட்டப்படி போக முடியாது. "மூன்று மாதக் குட்டியை அடுத்த வாரம் அனுப்பித் தருகிறோம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இதே காரியத்தை முன்பு வேறு விதமாகச் செய்தார்கள். பிரிட்டன் 1922 இல் தன் மண்ணிலிருந்து வெறிநோயை ஒழித்த பிறகு, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நாயையும் பூனையையும் ஆறு மாதம் கூண்டில் அடைத்து வைத்தது. யாருடையதானாலும் விலக்கில்லை. 1968 இல் நடிகை எலிசபெத் டெய்லர் தன் நாய்களை அந்த அடைப்புக்கு அனுப்ப மனமில்லாமல், தேம்ஸ் நதியில் ஒரு படகை நிறுத்தி அவற்றை அதிலேயே வைத்திருந்தார். கரையில் கால் வைக்காத வரை அவை பிரிட்டனுக்குள் வந்ததாகக் கணக்கில்லை. படகு வாடகைக்கு எடுக்க வசதியில்லாதவர்களின் நாய்கள் ஆறு மாதம் தனிமையில் கிடந்தன. சில அங்கேயே செத்தும் போயின. 2000 ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் சேர்த்து ஒரு பயணத் திட்டம் வந்தபோதுதான், குறிப்பிட்ட நாடுகளின் விலங்குகளுக்கு அந்தக் கூண்டு நீங்கியது. இன்று நாம் அலுத்துக்கொள்ளும் ரத்தப் பரிசோதனை, விலங்குகளின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு விடுதலை.

விதி தளர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவு சாட்சி. 1997 இல் சுலவேசி பக்கத்துத் தீவிலிருந்து மீன்பிடிப் படகில் வந்த சில நாய்கள் மூலம் அதுவரை வெறிநோயே அறியாத அத்தீவுக்குள் நோய் புகுந்தது. பிறகு பல லட்சம் நாய்களைக் கொன்றும் அதை வெளியேற்ற முடியவில்லை. பாலித் தீவுக்கு 2008 இல் அதே கதி. மலேசியத் தீபகற்பம் 2015 இல், சரவாக் 2017 இல். 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட மீட்பு நாய்களில் ஒன்றுக்கு வெறிநோய் இருந்தது தெரிந்து, அதன் அருகே போன அத்தனை பேரையும் தேடிப்பிடித்து ஊசி போட வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே, வெறிநோய் அபாயம் மிகுந்த நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு நெருக்கமான சிங்கப்பூரை முதலில் பார்க்கலாம். 1953 முதல் வெறிநோய் இல்லாத நாடு அது. தேசியப் பூங்கா வாரியத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை, உலக நாடுகளை நோய் நிலையைப் பொறுத்து வகை பிரித்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் போன்ற இடங்களிலிருந்து வரும் நாய் சரியான தாள்களோடு இறங்கினால் நேரே வீட்டுக்குப் போகலாம். இந்தியா கடைசி வகையில் இருக்கிறது. நம் நாய்க்குத் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறக்குமதி உரிமம், நாய் உரிமம் எல்லாம் முடிந்த பிறகும் அரசுத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் இடம் முன்பதிவு செய்து அங்கே தங்க வைக்க வேண்டும். பிட்புல், அகிட்டா, டோசா, நியாபொலிட்டன் மாஸ்டிஃப் போன்ற சில இனங்களுக்கு அனுமதியே இல்லை.

இத்தனையும் தாண்டிய பிறகு வீட்டுவசதி வாரியம் நிற்கிறது. சிங்கப்பூர்வாசிகளில் பெரும்பாலோர் குடியிருக்கும் வாரிய அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கன்னியோ அந்தப் பட்டியலில் கிடையாது. பூனைக்கு நீண்ட காலம் இருந்த தடை 2024 செப்டம்பர் 1 முதல் நீங்கி, இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்றாயிற்று. ஆக, சித்தன்னவாசல் பக்கத்து வீட்டின் உயரமான வேட்டை நாய் அங்கே போக வேண்டுமென்றால் சொந்தத் தனி வீடோ தனியார் அடுக்குமாடியோ வேண்டும். கட்டடத் தொழிலாளியாகவும் கப்பல் பட்டறைக்காரராகவும் போய் விடுதிகளில் தங்கும் நம் ஆட்களுக்கு இந்த விதிகளின் முதல் வரியே பொருந்தாது. அவர்களுடைய நாய் ஊரில் பெற்றோரோடுதான் இருக்கிறது. வீடியோ அழைப்பில் குரல் கேட்டுக் காதை நிமிர்த்துகிறது. விதிகளைப் பற்றி எழுதுகிற எவரும் இந்தப் பெரும்பான்மையை மறந்துவிட்டு எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் கதவு இவை எல்லாவற்றையும்விடக் குறுகியது. இந்தியாவிலிருந்து நேரடியாக நாயையோ பூனையையோ அனுப்ப அங்கே வழியில்லை. அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாட்டுக்கு முதலில் குடிபெயர்த்து, மாதக்கணக்கில் அங்கே வைத்து, அந்த நாட்டு அரசு மருத்துவரின் சான்றோடுதான் மெல்போர்ன் அருகிலுள்ள மிக்கில்ஹாம் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோக முடியும். 2015 இல் நடிகர் ஜானி டெப்பும் அவருடைய மனைவியும் இரண்டு சிறு நாய்களைத் தனி விமானத்தில் அறிவிக்காமல் கொண்டுவந்தபோது, திருப்பிக் கொண்டுபோகாவிட்டால் அவற்றைக் கொன்றுவிடுவோம் என்று வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் வெளிப்படையாகவே அறிவித்தார். நாய்கள் திரும்பிப் போயின. மறு ஆண்டு வழக்கும் நடந்தது. உலகம் அதை ஒரு சினிமாச் செய்தியாகப் படித்தது. எனக்கு அதில் மதிக்கத்தக்கதாகத் தெரிவது, புகழுக்கும் பணத்துக்கும் அந்த விதி வளையவில்லை என்பதே.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் புது விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய் எந்த நாட்டிலிருந்தும் வரக் கூடாது, சிப் கட்டாயம். இந்தியாவில் தடுப்பூசி போட்ட நாயாக இருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவும், பதிவு பெற்ற விலங்குப் பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவும் வேண்டும். அந்த நிலையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். அங்கேயே வளர்ந்த நாயை ஊருக்குக் கூட்டி வந்து திரும்புகிறவர்களுக்கு, புறப்படும் முன்பே அமெரிக்க வேளாண் துறையின் ஒப்பம் பெற்ற தடுப்பூசிச் சான்று இருந்தால் வழி எளிது. ஜப்பான் ரத்தம் எடுத்து 180 நாள் காத்திருக்கச் சொல்கிறது. வளைகுடா நாடுகளின் விதிகள் ஒன்றுக்கொன்று மாறினாலும் அனுமதிச் சீட்டு, சிப், ஊசி என்ற அச்சு ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் வெறிநோய் நிலை திருப்தியாக இருப்பதாகக் கருதும் வெளிநாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. சிங்கப்பூர், மொரீசியஸ், ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் அதில் உண்டு. இந்தியா இல்லை. தமிழ்க் குடும்பம் ஒன்று துபாயில் வளர்க்கும் நாய் ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும் இன்றிப் பாரிசுக்குப் போகலாம். அதே தாய்க்குப் பிறந்து, அதே ஊசியைப் போட்டுக்கொண்டு அன்னவாசலில் வளரும் அதன் உடன்பிறப்புக்கு அது முடியாது. நாய்கள் இரண்டுக்கும் வேறுபாடில்லை. சுற்றியுள்ள தெருக்களுக்குத்தான் வேறுபாடு.

வெளியே போவது இருக்கட்டும், ஊர் திரும்புகிறவர்களின் நிலை என்ன? இந்தியாவின் சட்டம் 1898 ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். நாயையும் பூனையையும் மனத்தில் வைத்து எழுந்ததல்ல அது. குதிரை, மாடு, ஒட்டகம், ஆடு என்றுதான் அதன் வரையறை தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து 'வேலர்' குதிரைகள் கப்பல் கப்பலாக மதராசுக்கு வந்து இறங்கிய காலம். அதற்கும் அறுநூறு ஆண்டு முன்பே பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் அரபுக் குதிரைகள் இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வந்தவற்றில் பெரும்பாலானவை பராமரிப்புத் தெரியாமல் மாண்டன என்ற குறிப்பும் அவரிடம் உண்டு. கடல் வழியே விலங்கு வருவது நமக்குப் பழைய கதை. வருவதைச் சோதித்து ஏற்பதுதான் புதியது. அந்தப் பழைய சட்டம் 2001 இல் விரிவாக்கப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கிறது.

அதை நடைமுறைப்படுத்துவது மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்புச் சேவை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு நகரங்களில் நெடுங்காலம் அதன் நிலையங்கள் இருந்தன. தமிழ்நாட்டுக்கானது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நாயோ பூனையோ கொண்டுவருகிறவர் முன்கூட்டியே அதனிடம் தடையின்மைச் சான்று, அதாவது எல்லாரும் சொல்லும் என்ஓசி, வாங்க வேண்டும். தடுப்பூசி 30 நாளுக்கு முன்பும் ஓராண்டுக்குள்ளும் போட்டதாக இருக்க வேண்டும். புறப்படும் நாட்டு அரசு கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். இறங்கியதும் அதிகாரி நேரில் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் தனிமைப்படுத்தல்.

அதைவிடச் சிக்கலானது வணிகத் துறையின் விதி. இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புகிறவர் மட்டுமே, பயணிக்கு இரண்டு விலங்கு வரை, தன் உடைமையோடு கொண்டுவரலாம். விடுமுறைக்கு வருகிறவருக்கோ சுற்றுலாப் பயணிக்கோ அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் தேவை. வெளிநாட்டு நாய்களை இனப்பெருக்க வியாபாரத்துக்குக் கொண்டுவருவதைத் தடுப்பதே இவ்விதியைக் கொண்டுவந்த 2013, 2016 அறிவிக்கைகளின் நோக்கம். அந்த நோக்கத்தை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை மே மாதப் புதுக்கோட்டையில் சிமென்ட் தரையில் கட்டி வைப்பது துன்புறுத்தல்தான். ஆனால் வியாபாரியைத் தடுக்க நீட்டிய கை, இரண்டு மாதம் தாயைப் பார்க்கப் பூனையோடு வரும் மகளையும் சேர்த்துத் தடுக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க விதியில் இடமிருக்க வேண்டும்.

இடமிருக்க முடியும் என்பதற்கு 2022 மார்ச் சான்று. உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கே மருத்துவம் படித்த இந்திய மாணவர்கள் பலர் நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர மறுத்தார்கள். குண்டு விழும் ஊரில் யாரிடம் போய் மருத்துவச் சான்று வாங்குவது? மத்திய அரசு ஒருமுறைத் தளர்வு அறிவித்து, மீட்கப்பட்டவர்களோடு அந்த விலங்குகளையும் உள்ளே விட்டது. அவசரத்தில் எடுத்த அந்த நல்ல முடிவு நிலையான விதியாக மாறவில்லை.

உடையவரே இல்லாத விலங்கு எல்லைக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி சென்னையிலேயே எழுந்தது. 2020 பிப்ரவரியில், சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் பொம்மைகள் ஏற்றி வந்த கன்டெய்னர் ஒன்றில் உயிரோடு ஒரு பூனை இருந்தது. கொரோனா அச்சம் உச்சத்தில் இருந்த நேரம். பூனையைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப அதிகாரிகள் முனைந்தார்கள். பூனைகளால் மனிதருக்கு அந்நோய் பரவியதாகச் சான்றில்லை, இன்னொரு கடற்பயணத்தை அது தாங்காது என்று விலங்கு நல அமைப்புகள் எதிர்த்தன. கன்டெய்னர் எந்தத் துறைமுகங்களைத் தொட்டு வந்தது, பூனை எங்கே ஏறியது என்பதுகூடத் தெளிவில்லாத நிலையில், தாள் இல்லாத ஓர் உயிருக்காகப் பல வாரம் கடிதங்கள் பறந்தன. விதிப்புத்தகத்தில் தாளோடு வரும் விலங்குக்கு வழியிருக்கிறது. தாள் இல்லாமல் வருவதற்குத் திருப்பி அனுப்புவது தவிர வேறு வரி எழுதப்படவில்லை.

நாய், பூனை தவிர்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிப் பேச்சே இல்லை. நட்சத்திர ஆமைக்கு 2019 முதல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிக உயர்ந்த பாதுகாப்பு இருக்கிறது. ஆனாலும் அதிர்ஷ்டம் தரும் என்ற மூடநம்பிக்கைக்காக அது பைகளில் அடைத்துக் கடத்தப்படுகிறது. வரவும் உண்டு. 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்த பயணி ஒருவரின் பையில் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டி இருந்தது. அது வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டு அரிய விலங்குகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 இல் விதி வந்திருக்கிறது. வளர்ப்பு என்ற பெயரில் காட்டிலிருந்து பிடுங்குவதற்கு எல்லையில் எந்த இரக்கமும் காட்ட வேண்டியதில்லை.

இனி, விதிகள் நியாயமா என்ற கேள்விக்கு வருவோம். சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கற்படுக்கையில் கிடந்த சமணத் துறவிகள் எந்த உயிரையும் வருத்தாமல் வாழ்வதை நோன்பாகக் கொண்டவர்கள். பிற்காலத்தில் அதே குன்றின் அறிவர் கோயில் விதானத்தில் வரைந்த தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் மனிதரோடு ஒரே நீரில் இருக்கின்றன. அந்த ஊரைப் பற்றி எழுதும்போது, கூண்டையும் அடைப்பையும் எளிதாக நியாயப்படுத்திவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் வெறிநோயே அறியாத ஒரு தீவில் ஒரு குழந்தை நாய்க்கடியால் இறப்பதையும், பிறகு பல லட்சம் நாய்கள் அடித்துக் கொல்லப்படுவதையும் தடுக்கிற விதி, உயிர்கள் பக்கம் நிற்கிற விதிதான்.

நியாயமற்றது, சுமை விழும் இடம். பெரிய நாயை இங்கிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்ப ஆகும் செலவு, கூண்டு, ஆய்வகம், ஏஜென்ட், சரக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்தால், லட்ச ரூபாயை எளிதாகத் தாண்டுகிறது. நோய்க்குக் காரணம் பொதுச் சுகாதாரக் குறை. அதற்கான அபராதத்தைக் கட்டுவது தனிமனிதர். தமிழர்களுக்கு இது பழக்கமில்லாத அனுபவமல்ல. பிரிட்டிஷார் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் தொழிலாளர்கள், மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டு, காலராவோ அம்மையோ இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற்றப்பட்டார்கள். காலராவைத் தடுக்க நல்ல குடிநீர் தராத ஆட்சிதான், அது பரவாமலிருக்க ஏழைகளை முகாமில் நிறுத்தியது.

குறையைத் திருத்தத் தேவையான அறிவு நம்மிடம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை இல்லாமல் 1902 இல் ஓர் ஆங்கிலேயப் பெண் இறந்ததை ஒட்டி, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையோடு 1907 இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அதற்கும் மூத்தது, 1903. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகம் முழுக்கச் சோதித்துத் தெளிந்த கணக்கு. கோவா அதைச் செய்தது. 2021 இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1970களில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் பலிகொடுத்த இலங்கை, அந்த எண்ணிக்கையைச் சில பத்துகளாகக் குறைத்துவிட்டது. 2030 க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்போம் என்று இந்தியா 2021 செப்டம்பர் 28 அன்று தேசியச் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது.

முடியாத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு மாட்டு வெக்கை நோயை நினைவூட்டலாம். ஊர் ஊராக மாட்டுத் தொழுவங்களைக் காலி செய்த நோய் அது. தலைமுறை தலைமுறையாக ஊசி போட்டு 2006 இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. 2011 இல் உலகமே விடுபட்டது. மனிதருக்குப் பெரியம்மையும் விலங்குக்கு வெக்கையும்தான் இதுவரை உலகிலிருந்து முற்றாக ஒழிந்த இரண்டு நோய்கள். இரண்டிலும் நம் கிராமத்து ஊசிக்காரர்களுக்குப் பங்கு உண்டு.

தெருநாய்களைப் பற்றிய பேச்சு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்கள் குறித்துப் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு நாடெங்கும் சூடாகிவிட்டது. பிடித்து அடைப்பதா, ஊசி போட்டுத் திரும்ப விடுவதா என்று இரு பக்கமும் கத்துகிறார்கள். ஏறக்குறைய 1.8 லட்சம் தெருநாய்கள் உள்ள சென்னையில் மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்குச் சிப்பையும் உரிமத்தையும் வலியுறுத்துகிறது, தெருநாய்களுக்கு ஊசி போடுகிறது. வரவேற்க வேண்டிய தொடக்கம். ஆனால் வைரஸ் மாநகராட்சி எல்லையில் நிற்காது. அன்னவாசல் ஒன்றியத்துக் குக்கிராமத்தில் பெயரில்லாமல், யார் வீட்டுச் சோற்றையோ தின்று கோயில் வாசலில் படுக்கும் நாய்க்கு ஆண்டுக்கு ஒரு ஊசி போட ஆள் இருக்கிறதா? அந்த நாய்தான் நம் வீட்டு நாயின் பாஸ்போர்ட்டை எழுதுகிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்து, கால்நடை உதவி மருத்துவர் தலைமையில் வீட்டு நாய், தெரு நாய் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டுப் பதிவேட்டில் எழுதினால், அந்தப் பதிவேடுகளைக் காட்டித்தான் நாளைக்கு இந்தியா மேலான பட்டியலுக்குக் கேட்க முடியும். வெறும் கோரிக்கைக் கடிதத்தால் எந்த நாடும் பட்டியலை மாற்றாது.

அரசு இன்னும் விரைவாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொச்சி விமான நிலையம் முதலில் வளர்ப்பு விலங்குகளை வெளியே அனுப்பவும், 2024 இல் உள்ளே கொண்டுவரவும் வசதி பெற்றது. வெளிநாடுவாழ் மலையாளிகள் கேட்டார்கள், கிடைத்தது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா என்று நான்கு திசைக்கும் தமிழரை ஏற்றி இறக்கும் திருச்சிக்கும் அதே தகுதி இருக்கிறது. ஒரு மருத்துவர், சில கூண்டுகள், குளிரூட்டிய ஒரு அறை, ஒரு தனிமைப்படுத்தல் கொட்டகை. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். டெல்டா மாவட்டங்களும் புதுக்கோட்டை, சிவகங்கையும் சேர்ந்து கேட்க வேண்டிய வசதி இது. பூனைக்கூடையோடு இரவெல்லாம் சென்னைக்குப் பயணம் செய்து, அதிகாரியைப் பார்த்து, அடுத்த நாள் விமானம் பிடிக்கும் அலைச்சல் மனிதரைவிட விலங்கைத்தான் அதிகம் வாட்டுகிறது.

அதுவரை, வெளிநாடு போக முடிவெடுத்த குடும்பம் விசா விண்ணப்பத்தோடு நாயின் வேலையையும் தொடங்கிவிட வேண்டும். அடுத்த ஜூனில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அக்டோபரிலேயே சிப். அதே நாளில் அல்லது அதன்பின் வெறிநோய் ஊசி. நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ ரத்தம். பரிசோதனை முடிவு வர வாரங்கள் ஆகலாம், ஒருமுறை 0.5 க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. அதற்கும் சேர்த்துத்தான் இந்த அவகாசம். அடுத்த ஊசிக்கான தேதியை ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது. தவறினால் பழைய ரத்தப் பரிசோதனை செல்லாமல் போய் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கூண்டை முன்கூட்டியே வாங்கி வீட்டில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சோறு வைத்துப் பழக்க வேண்டும். நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடமிருக்கும் அளவையே விமான நிறுவனங்கள் ஏற்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாயை வெயில் காலத்தில் ஏற்றவே பல நிறுவனங்கள் மறுக்கும். அதன் மூச்சு அந்தப் பயணத்தைத் தாங்காது. வயதான நாயாக இருந்தால், மருத்துவர் தயங்கினால், ஊரிலேயே பாட்டியிடம் விட்டுப் போவதுதான் சரி. புறப்படுவதற்குச் சில நாள் முன்பு தடுப்பூசிப் புத்தகம், சிப் எண், ஆய்வக முடிவு, போகும் நாட்டின் அனுமதி எல்லாவற்றின் அசலோடும் நாயோடும் பள்ளிக்கரணைக்குப் போய்ச் சான்று வாங்க வேண்டும். பிரிட்டனுக்கு என்றால் அங்கே போய் இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் நாடாப்புழு மருந்து கொடுத்து, கொடுத்த நேரத்தையும் மருத்துவர் கையால் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.